முந்நூறு மீட்டருக்கு மேல்

நாள் 1402 / 07:10
வழக்கமான பதிவு

‘தற்போது எங்கே வசிக்கிறீர்கள்?’

நீட்டிப்புப் படிவத்தின் முதல் கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்தக் குறிப்பை யார் கண்டெடுப்பார்கள் என்பதும் தெரியாது. ஆகவே அறிமுகம். பெயர் மங்கையர்க்கரசி. வயது நாற்பத்தொன்பது. பனியியல் படித்தவள். வியாழனின் நிலாவான யூரோப்பாவில், பனிநகரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, ஓர் ஆய்வுக் குடிலில் தனியாக இருக்கிறேன். நகரத்துக்கு அடியில் பனியில் புதைத்த ஐந்து விரிசல்மானிகளைக் கவனிப்பது வேலை.

இங்கே வந்ததிலிருந்து நான் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றவில்லை. ஆனால் குடில் நிற்கும் பனித்தட்டு மெல்ல நகர்கிறது. வந்த புதிதில் பதிவு செய்த புள்ளியிலிருந்து இன்று முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் கிழக்கே இருக்கிறேன். நகரமும் இதே தட்டின் மேல் இதே வேகத்தில் நகர்கிறது. குடிவரவு அலுவலகமும், அதன் கொடிக்கம்பமும், டோக்கன் இயந்திரமும்தான்.

வதிவிடச் சட்டப்படி, நகரில் வசிக்கும் எவரும் பதிந்த புள்ளியிலிருந்து முந்நூறு மீட்டருக்கு மேல் விலகினால் வீடு மாறியவர். வீடு மாற முன் அனுமதி வேண்டும். ‘எவரும்’ என்று சட்டம் சொல்கிறது. சோதிப்பது பூமியில் பிறந்தவர்களை மட்டும். எங்களுக்கு வெளியார் என்று பெயர். இரண்டாண்டுக்கு ஒருமுறை நாங்கள் தங்கும் அனுமதிக்கு நீட்டிப்பு வாங்க வேண்டும்.

உண்மையான புள்ளியை எழுதி அனுப்பினேன். வேறு என்ன எழுதுவது?

மானிகள் ஐந்தும் சீர். எண் 2-இல் மட்டும் 0.4 மி.மீ. அசைவு. அது நகரின் ஆறாம் குடியிருப்புத் தொகுதிக்கு அடியில் இருக்கிறது. இரைச்சலாக இருக்கலாம்.

நாள் 1405 / 11:30
நீட்டிப்பு தொடர்பாக

குடிவரவுத் துணை ஆணையர் அமலதாஸிடமிருந்து ஒலிச்செய்தி. அப்படியே பதிகிறேன்.

“மேடம், வணக்கம். உங்க படிவம் பார்த்தேன். பழைய புள்ளிக்கும் புதுப் புள்ளிக்கும் முந்நூத்திப் பன்னெண்டு மீட்டர் வருது. முன் அனுமதி இல்லாம வீடு மாத்தியிருக்கீங்க. ஏன் மாத்துனீங்கன்னு விளக்கம் குடுங்க. இல்லைன்னா பழைய புள்ளியையே எழுதிக் குடுத்துடுங்க, ஒரு பிரச்சினையும் இல்ல. எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க.”

பனித்தட்டு நகர்ந்தது என்று விளக்கம் எழுதினேன்.

12:40. மறுமொழி:

“பனித்தட்டு அனுமதி வாங்குச்சா மேடம்?”

அவர் இதைக் கேலியாகக் கேட்கவில்லை. பனித்தட்டுக்கு எந்தப் படிவம் பொருந்தும் என்று உண்மையாகவே தேடியிருப்பார்.

அமலதாஸும் பூமியில் பிறந்தவர்தான். நாகர்கோவில்காரர். இருபது ஆண்டுகளாக அவரும் நீட்டிப்பு வாங்கித்தான் இங்கே இருக்கிறார். வரிசையில் நின்று நின்று ஒரு நாள் கவுண்டருக்கு உள்ளே போய்விட்டவர். அப்படிப் போனவர்கள் வெளியே நிற்பவர்களைப் பார்க்கும் விதம் எல்லாக் கோள்களிலும் ஒன்றுதான் போலும்.

பழைய புள்ளியை எழுதித் தர மறுத்தேன். இது வீரம் இல்லை. அளவுகளைத் திருத்தி எழுதினால் என் வேலைக்கு அர்த்தமில்லை, அவ்வளவுதான்.

எண் 2: 1.1 மி.மீ. இரைச்சல் இல்லை.

நாள் 1408 / 18:15
ஆறாம் தொகுதி

எண் 2: 2.9 மி.மீ. மற்ற நான்கும் அசையவில்லை. ஆறாம் தொகுதிக்கு நேர் கீழே பனி பிளக்கிறது.

அந்தத் தொகுதியில் நாற்பத்தொரு பேர் வசிக்கிறார்கள். எல்லாரும் வெளியார். சமையல்காரர்கள், செவிலியர், குழாய் வேலை செய்பவர்கள். அவர்களில் எனக்குப் பழக்கமானவர் லோகேஸ்வரன். மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்த வெல்டர். தொகுதியின் மெஸ் பொறுப்பும் அவருடையது. என் குடிலின் காற்றுக்குழாயைப் பற்றவைக்க வந்தவர், அன்றிலிருந்து மாலைகளில் வானொலியில் கூப்பிட்டுப் பேசுவார். நான் அதிகம் பேசுவதில்லை. அதற்கு அவசியமும் ஏற்படாது.

இன்று நானே கூப்பிட்டு விரிசலைச் சொன்னேன்.

“என்னாக்கா, சாப்பிடற நேரத்துல குண்டத் தூக்கிப் போடறீங்க. விரிசல்னா எவ்ளோ? என் சுண்டு விரலு நொழையுமா?”

இன்று நுழையாது, நுழையும் நாளில் எச்சரிக்க நேரம் இருக்காது என்றேன். எல்லாரும் மூன்றாம் தொகுதிக்குப் போய்விடுங்கள், அது காலியாகத்தான் கிடக்கிறது என்றேன்.

“காலியாத்தான் இருக்கு. எப்படிக்கா போறது? நாப்பத்தோரு பேருக்கும் நீட்டிப்பு நிலுவையில கெடக்கு. சோதனைக்காரன் எப்ப வருவான்னு தெரியாது. வந்தா கட்டில்ல ஆள் இருக்கணும். இல்லையா, பொட்டியக் கட்டு. போன மாசம் ரிஸ்வியா குளிக்கப் போயிருந்தாள்லா. நர்ஸுப் பொண்ணு, கல்முனைக்காரி. ஆள் இல்லன்னு எழுதிட்டுக் கெளம்பிட்டான். சோப்பு நுரையோட ஓடியாந்து, இதோ நான் வசிக்கிறேன், இதோ வசிக்கிறேன்னு கத்துது.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெண்குரல் ஒன்று அவரைத் திட்டியது.

உயிர் போகும் என்று சொல்கிறேன், வேலை போனால் என்ன என்று கேட்டேன்.

“வேலை போனா பரவாயில்லக்கா. ஒம்பது வருசம் இங்க பாரமே இல்லாம நடந்துட்டேன். எலும்பெல்லாம் அப்பளம். என்னைக் கொண்டுபோய் பூமியில எறக்குனா மொத படியிலயே இடுப்பு போயிரும். இங்க நாப்பத்தோரு பேருக்கும் அதே கததான். உங்க விரிசல்ல விழுந்தாலாவது பொழைக்க ஒரு சான்ஸ் இருக்கு.”

நகரப் பொறியியல் துறையைக் கூப்பிட்டேன். ஆறாம் தொகுதி வெளியாருடையது, குடிவரவுத் துறையிடம் பேசுங்கள் என்றார்கள். குடிவரவுத் துறைக்கு வரைபடங்களோடு கையெழுத்திட்ட அறிக்கை அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. வரிசை எண் 6118. தொண்ணூறு வேலை நாட்களுக்குள் கவனிக்கப்படும்.

நாள் 1411 / 10:05
எண் 2: 6.3 மி.மீ.

வேகம் கூடுகிறது. என் கணக்குப்படி இரண்டு நாள். தவறினால் இரண்டு வாரம். இதைவிடத் துல்லியமாகச் சொல்பவர் பொய் சொல்கிறார்.

அமலதாஸை நேரடியாகப் பிடித்தேன். உரையாடலின் பதிவு:

“மேடம், உங்க அறிக்கை வரிசையில இருக்கு. ஆறாம் தொகுதி ஆளுங்கள மாத்தணும்னா ஒவ்வொருத்தரும் தனித்தனியா முன் அனுமதிக்கு மனுப் போடணும்.”

“மனுவ யார் பார்ப்பாங்க?”

“நான்தான் மேடம்.”

“அப்போ இப்பவே பாருங்க.”

“மனு வரலையே.”

“வந்தா?”

“நீட்டிப்பு நிலுவையில இருக்கறவங்க மனுப் போட முடியாது.”

“சார், அங்க நாப்பத்தோரு பேர் இருக்காங்க.”

“தெரியும் மேடம். நான்தானே எண்ணுனேன்.”

அவர் மேலதிகாரியிடம் பேசலாம் என்றால் ஆணையர் பதவி ஆறாண்டுகளாகக் காலி. அந்த நாற்காலிக்குத் தினமும் தூசி தட்டுகிறார்களாம்.

19:20. லோகேஸ்வரன் கூப்பிட்டார். அமலதாஸ் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

“அக்கா, நீங்க படிச்சவங்க, ஒங்களுக்கு இந்த ஆப்பீஸ் வெளங்காது. கையெழுத்துப் போட்டு அனுப்புனா நம்பரு குடுப்பான். கையெழுத்தே இல்லாம எவனாச்சும் மொட்டை லெட்டர் போட்டான்னு வைங்க, ஒரு மணி நேரத்துல வேன் வரும். ரெண்டாம் தொகுதியில ஒரு சமையக்காரன் மேல அப்படித்தான் எவனோ போட்டு விட்டான். அட்ரஸ் பொய்னு. தொகுதியவே அள்ளிட்டுப் போய் ஆப்பீஸ் ஹால்ல ஒக்கார வெச்சிட்டானுங்க. விசாரணை முடியற வரைக்கும் அந்தாளு எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு சட்டம். சம்பளச் சீட்டுல கூட போட முடியல.”

எவ்வளவு நேரம் ஹாலில் வைத்திருந்தார்கள் என்று கேட்டேன்.

“மூணு நாளு. சோறு குடுத்தானுங்க, அதச் சொல்லணும். ஏங்க்கா கேக்கறீங்க?”

தகவலுக்காக என்றேன்.

நாள் 1412 / 16:05
பதிவுக்கு மட்டும்

கையெழுத்தில்லாத எதையும் நான் இதுவரை அனுப்பியதில்லை. பல்கலைக்கழகத்தில் என்னைப் பற்றி மூன்று மொட்டைக் கடிதங்கள் போயின. எழுதியவர்கள் யார் என்று தெரிந்தும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்குக்கூட அவர்களை மதிக்கவில்லை.

நகரத்தில் பெயர் கேட்காத பெட்டி ஒன்றே ஒன்றுதான். பொதுத் தகவல் பெட்டி. அதில் இன்று இட்டது:

‘ஆறாம் தொகுதியில் இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் நாற்பத்தொரு வெளியாரும் பதிந்த முகவரியில் வசிக்கவில்லை. உடனே விசாரிக்கவும். இப்படிக்கு, நலம் விரும்பி.’

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தட்டு நகர்ந்ததால் அவர்கள் அனைவரும் பதிந்த புள்ளியிலிருந்து முந்நூறு மீட்டருக்கு மேல் தள்ளித்தான் வசிக்கிறார்கள். ‘நலம் விரும்பி’ என்பதும் உண்மை. இதுவரை இந்தச் சொல்லை யாரும் உண்மையாகப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

16:50. லோகேஸ்வரன், கைக்கருவியிலிருந்து. பின்னால் காலடிகள், கதவுகள்.

“அக்கா! எவனோ பாவி எங்க மேல மொட்டை லெட்டர் போட்டுட்டான்! மூணு வேன் வந்து நிக்குது. அடுப்புல கஞ்சி கொதிக்குது, அமத்தக் கூட விட மாட்டேங்கறான். டேய் தள்ளாதடா, வரேன்லா... அக்கா, அவன் மட்டும் ஆம்புட்டான், வாயிலயே வெல்டிங் வெச்சிருவேன்.”

“சரி” என்றேன்.

விரிசல் பற்றி நான் எழுதிய பக்கங்கள் பன்னிரண்டு. அவற்றுக்கு ஓர் எண் கிடைத்தது. பெயரில்லாத மூன்று வாக்கியங்களுக்கு மூன்று வேன்.

எண் 2: 9.8 மி.மீ.

நாள் 1413 / 09:15

அமலதாஸ் நன்றாகத் தூங்கி எழுந்த குரலில்:

“மேடம், உங்க ஆறாம் தொகுதி ஆளுங்க மேல ஒரு புகார் வந்துச்சு. வேன் போனப்ப எல்லாரும் உள்ளதான் இருந்தாங்க, எண்ணிட்டோம், நாப்பத்தொண்ணு. புகார் பொய். பத்தரைக்குத் திருப்பி அனுப்பறோம். உங்களுக்கு அக்கறை இருக்கேன்னு சொன்னேன்.”

எண் 2: 17 மி.மீ. அவர் கேட்கவில்லை என்றாலும் சொன்னேன். நன்றி, குறித்துக்கொள்கிறேன் என்றார். குறித்துக்கொண்டிருப்பார்.

09:31. இரண்டாம் கடிதம். ‘ஆறாம் தொகுதி வாசற்கதவின் புள்ளியைத் செயற்கைக்கோள் மூலம் அளந்து பார்க்கவும். பதிந்த புள்ளியோடு ஒப்பிடவும். நலம் விரும்பி.’ ஓர் எழுத்தைத் தவறாக அடித்துத் திருத்தினேன்.

10:30. வேன்கள் கிளம்பினவா? தெரியவில்லை. லோகேஸ்வரன் எடுக்கவில்லை.

10:55. எடுக்கவில்லை.

11:20. அவரே கூப்பிட்டார்.

“வேன்ல ஏத்துனாங்க, மறுபடி எறக்கிட்டாங்க. அந்த நாயி இன்னொரு லெட்டர் போட்டிருக்கான். எங்க கதவ எவனோ ஆகாசத்துலேர்ந்து அளக்கறானாம். ஏங்க்கா, கதவு எங்கக்கா போவும்? ரிஸ்வியா அழுவுது. பசிக்குது.”

உட்கார்ந்திருங்கள் என்றேன். எங்கும் போகாதீர்கள் என்றேன். இரண்டு முறை சொன்னேன் என்று பதிவைக் கேட்டபோது தெரிந்தது.

13:32. எண் 2 நின்றது.

குடிலில் கோப்பை அதிர்ந்தது. தொலைநோக்கியில் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் நீராவி. ஆறாம் தொகுதியின் விளக்குகள் வரிசையாக அணையவில்லை. ஒரே நேரத்தில் இல்லாமல் போயின. பிளவின் அகலம் பதினொரு மீட்டர். உள்ளே ஆள் யாரும் இல்லை.

14:10. லோகேஸ்வரன்.

“அக்கா... ஆறாம் தொகுதி போயிருச்சாம். மொத்தமா. என் கஞ்சிப் பான உள்ளதான் இருந்துச்சு. அந்த மொட்டை லெட்டர் போட்டவன என்ன பண்றதுன்னே தெரியலக்கா. வாயில வெல்டிங் வைக்கறதா, கால்ல விழறதா?”

இரண்டுமே வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. கிழக்குப் பக்கம் யாரும் போகாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

நாள் 1414 / 15:00
ஆணை

நகரப் பலகையில் வந்தது. முழுவதும் தருகிறேன், நான் கூட்டிச் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது.

‘புகார் மெய்ப்பிக்கப்பட்டது. பதிந்த முகவரியில் எவரும் வசிக்கவில்லை. மேலும் பதிந்த முகவரி நேரில் காணப்படவில்லை. ஆகவே நாற்பத்தொரு நீட்டிப்பு விண்ணப்பங்களும் நிராகரிக்கப்படுகின்றன. மேற்படி நபர்கள் நாளைக் காலைக் கப்பலில் பூமிக்கு அனுப்பப்படுவர். கப்பல் புறப்படும்போது துணை ஆணையர் ஒவ்வொரு வெளியேற்றச் சீட்டிலும் நேரில் கையெழுத்திடுவார்.’

அடுத்த பக்கத்தில் எனக்கு ஒரு செய்தி. என் நீட்டிப்பு வழங்கப்பட்டுவிட்டது. காரணம்: தங்கள் மீது புகார் ஏதும் இல்லை.

15:20. அமலதாஸுக்குக் கையெழுத்திட்ட வாக்குமூலம் அனுப்பினேன். கடிதங்களை எழுதியவள் நான். அவர்கள் வீடு மாறவில்லை, தட்டுதான் நகர்ந்தது. தண்டனை எனக்கு உரியது. முழுப் பெயர், பதவி, தேதி எல்லாம் இட்டேன்.

15:21. வரிசை எண் 6131.

17:45. லோகேஸ்வரன்:

“அக்கா, நாளைக்குக் கெளம்பறோம். ஒங்க காத்துக்கொழா மூணாவது வளைவுல கொஞ்சம் வீக்கு, அடுத்து வர்ற ஆளுகிட்டச் சொல்லிச் சரி பண்ணிக்குங்க. ரிஸ்வியா கேக்குது, பூமியில எறங்குனதும் படுத்தே இருந்தா எலும்பு தாங்குமான்னு. நீங்க படிச்சவங்கதானே, சொல்லுங்க.”

தாங்காது. சொல்லவில்லை.

18:30. இரவெல்லாம் யோசித்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். யோசிக்கவில்லை. மூன்றாவது கடிதத்துக்கு வரைவுகூடத் தேவைப்படவில்லை.

‘துணை ஆணையர் அமலதாஸ், பூமியில் பிறந்த வெளியார், பதிந்த முகவரியில் வசிக்கவில்லை. அவர் குடியிருப்பின் கதவுப் புள்ளி கீழே. அளந்து பார்க்கவும். நலம் விரும்பி.’

நாளை என்ன ஆகும்? அவரைப் பிடிக்க அவருடைய ஆட்களே போவார்களா? சொந்த அதிகாரிக்கு விதி செல்லாது என்றுதான் எந்த அலுவலகமும் நினைக்கும். இந்த அலுவலகம் எதையும் நினைப்பதில்லை என்பதில்தான் என் நம்பிக்கை முழுவதும்.

நாள் 1415 / 20:00
இன்று நடந்தது

காலையில் அமலதாஸின் வாசலுக்கு வேன் போனது. ஓட்டியவர் அவருடைய சொந்த ஓட்டுநர். வழக்கமாகக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று அவர் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாராம். நான் வந்த சில வாரத்தில் அவர் மாறிப்போன குடியிருப்பு அது; பதிந்த புள்ளியிலிருந்து முந்நூற்றொன்பது மீட்டர் விலகியிருந்தது. விசாரணை முடியும்வரை எதிலும் அவர் கையெழுத்திட முடியாது. வேறு யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை. காலி நாற்காலியால் கையெழுத்துப் போட முடியாது.

கப்பல் இரண்டு மணி நேரம் காத்திருந்தது. நாற்பத்தொரு காலி இருக்கைகளோடு போய்விட்டது. அடுத்தது எட்டு மாதம் கழித்து.

11:50. அமலதாஸ், ஹாலில் உள்ள பொதுக் கருவியிலிருந்து:

“மேடம், வணக்கம். ஒரு சின்ன உதவி. பனித்தட்டு நகர்ந்துச்சுன்னு ஒரு சான்று குடுக்க முடியுமா? உங்க கையெழுத்தோட?”

பனித்தட்டு அனுமதி வாங்கியதா என்று முதலில் விசாரித்துச் சொல்லுங்கள் என்றேன்.

பின்னால் லோகேஸ்வரனின் குரல் கேட்டது: “சார், டோக்கன் எடுத்துட்டுப் பேசுங்க. லைன் பெருசு.”

பிறகு சான்று எழுதினேன். நாற்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சான்று, அவரைத் தனியாகப் பிரிக்க முடியாதபடி. கையெழுத்திட்டு அனுப்பினேன். வரிசை எண் 6140.

18:10. லோகேஸ்வரன் உற்சாகமாக இருந்தார். ஹாலில் பாய் விரித்தாயிற்று, ரிஸ்வியா கஞ்சி காய்ச்சுகிறாள், துணை ஆணையருக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள், உப்புக் குறைவு என்றாராம்.

“அக்கா, வீடு மாறுனா தெரிவிக்கணும்ல? தெரிவிச்சிட்டோம். நாப்பத்தோரு பேரும் ஃபாரம் எழுதிப் பெட்டியில போட்டாச்சு. கேளுங்க, படிக்கறேன். ‘தற்போது எங்கே வசிக்கிறீர்கள்? குடிவரவு அலுவலகம், தரைத்தளம், டோக்கன் மெஷினுக்கு எதிர்ல.’ எப்படி?”

நான் சிரித்தேன் என்று ஒலிப்பதிவு சொல்கிறது.

“அந்த லெட்டர்காரன் மட்டும் ஆம்புட்டான்னா, அக்கா, அவனுக்கு ஒரு பிளேட் சோறு என் கையால.”

மாலை அளவுகள். எண் 1, 3, 4 அசைவில்லை. எண் 2 இல்லை.

எண் 5-இல் 0.4 மி.மீ. அது குடிவரவு அலுவலகத்துக்கு அடியில் இருக்கிறது.

இரைச்சலாக இருக்கலாம்.